அந்தப் பல் ஏன் போனது?

இந்த மாதக் கடைசியோடு நான் டிரில்லைக் கீழே வைக்கிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வலது கட்டைவிரல்தான் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிமானம் கொடுப்பதில்லை. எலும்பில் துளை போடுகிறவளுக்கு அந்த ஒரு காரணம் போதும். அருப்புக்கோட்டையில் இத்தனை வருஷம் நான் நடத்திய கிளினிக்கை இனி நீங்கள் மூன்று பேரும் நடத்தப்போகிறீர்கள். மூவரும் இம்ப்ளான்ட் பயிற்சி முடித்து வந்திருக்கிறீர்கள். எந்த டிரில்லுக்குப் பின் எந்த டிரில், எவ்வளவு டார்க் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் நேரம் போதாமல் விட்டுப்போயிருக்கக்கூடியவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தேடி எடுக்க வசதியாக எண் போட்டிருக்கிறேன். எது பெரிது, எது சிறிது என்று அதை வைத்துக் கணக்கிட வேண்டாம். முதலாவது மட்டும் உண்மையிலேயே முதலாவது.

1. காலி இடத்தை அளக்கும் முன், அந்தப் பல் ஏன் போனது என்று கேளுங்கள்.

நோயாளி வாயைத் திறந்ததும் நம் கண் நேராகக் காலி இடத்துக்குப் போய்விடும். எலும்பு எவ்வளவு அகலம், பக்கத்துப் பல் எவ்வளவு தூரம், எந்த அளவுத் திருகு உட்காரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பல் சொத்தையில் போயிருக்கலாம். ஈறு நோயில் ஆடி விழுந்திருக்கலாம். தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்தே பிளந்திருக்கலாம். பைக்கிலிருந்து விழுந்து உடைந்திருக்கலாம். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் காரணம் இன்னும் அந்த வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சொத்தை டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. ஈறு நோயும் பல் கடியும் செய்யும்.

நான் இம்ப்ளான்ட் வைக்கத் தொடங்கிய புதிதில் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாயில் இரண்டு பல் இல்லை. எலும்பு நல்ல அகலம். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். மற்ற பற்களில் ஈறு தொட்டாலே இரத்தம் வந்தது. ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டு அடுத்த வாரமே திருகை வைத்துவிட்டேன். மூன்று மாதத்தில் எலும்பு அருமையாகப் பிடித்தது, பல்லும் கட்டிக் கொடுத்தேன். நான்கு வருஷம் கழித்து வந்தவர் சொன்னார்: "வலி ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. பழைய பல்லுல வந்த அதே சீழ் வாடை இதுலயும் வருது." எக்ஸ்ரேயில் இரண்டு திருகுகளையும் சுற்றிப் பாதி எலும்பு கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

அவருடைய பழைய பற்களைப் பிடுங்கிய நோயை நான் அப்படியே விட்டுவிட்டு, அதன் நடுவில் இரண்டு திருகுகளை நட்டிருக்கிறேன். இது என் தவறு. கொடுமை என்னவென்றால், ஈறு நோய் வந்த இயற்கைப் பல் கொஞ்சமாவது ஆடிக் காட்டும். இம்ப்ளான்ட் கடைசிச் சுற்று எலும்பு கரையும்வரை கல் மாதிரி நிற்கும். வலியும் பெரும்பாலும் இருக்காது. நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. முதலில் ஈறுக்கு வைத்தியம். பிரஷ் பிடிக்கக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பேன். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி இரத்தக் கசிவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறையாதவருக்கு இம்ப்ளான்ட் இப்போது இல்லை. அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு வேறு கிளினிக்குக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

2. பிடிப்பது எலும்பு. நம் வேலை அதைச் சுட்டுவிடாமல் இருப்பது.

இந்த வைத்தியத்துக்கு வழி காட்டியவர் பல் மருத்துவரே இல்லை. ஸ்வீடன்காரர் பெர்-இங்வார் பிரோனமார்க், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1952இல் லுண்ட் நகரில், முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த சிறு கூடு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக நுண்ணோக்கியில் பார்த்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கூட்டைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. அதற்குப் பல வருஷம் கழித்து, 1965இல் கோத்தன்பர்க்கில் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகள் வைத்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அவை அவர் வாயில் நின்றன. இருந்தும் உலகத்துப் பல் மருத்துவர்கள் இதை ஒப்புக்கொள்ள 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாடு வரை ஆனது.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் எலும்பை உயிருள்ள திசுவாகப் பார்த்தவர். நம் கையில் டிரில் வந்ததும் அதை மரக்கட்டையாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸைத் தொட்டு ஒரு நிமிடம் நீடித்தால் அந்த எலும்பு பாதிக்கப்படும் என்று 1983லேயே கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். உடம்புச் சூட்டைவிடப் பத்து டிகிரிதான் அதிகம். மழுங்கிய டிரில்லை அழுத்திப் பிடித்தால் அந்த நிலைக்குப் போக அதிக நேரம் ஆகாது. திருகு அன்றைக்கு இறுக்கமாகத்தான் உட்காரும். ஒரு மாதத்தில் கையோடு கழன்று வரும்.

சலைன் பாட்டிலை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். டிரில்லை ஒரே இடத்தில் அழுத்தாமல் ஏற்றி இறக்கி, துகள் வெளியே வர வழி விடுங்கள். எந்த டிரில் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வையுங்கள். கீழ்த்தாடை முன்பக்க எலும்பு தேங்காய்ச் சிரட்டை போல இருக்கும். மெதுவாக, நிறையத் தண்ணீரோடு போக வேண்டும். மேல்தாடை கடைவாய்ப் பக்கம் பொரி உருண்டை. அங்கே புத்தகத்தில் சொன்ன கடைசி டிரில் வரை போனால் திருகு பிடிப்பில்லாமல் சுற்றும். ஒரு அளவு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். டிரில்லின் சத்தமும் கையில் தெரியும் தடையும் எலும்பைப் பற்றி ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். அந்த நேரத்தில் அறையில் ரேடியோ வேண்டாம்.

3. எல்லாக் காலி இடமும் திருகு கேட்பதில்லை.

காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ரூட் கெனால் செய்து கேப் போட்டால் நிற்கும் பல்லுக்கு நிகராக எந்தக் கம்பெனியும் இன்னும் ஒன்றைச் செய்யவில்லை.

இரண்டு பக்கமும் ஏற்கெனவே கேப் போட்ட பற்கள் இருந்தால் பிரிட்ஜே போதும். கடைசிக் கடைவாய்ப் பற்கள் மட்டும் இல்லாத வயதானவர், நன்றாக மென்று சாப்பிடுகிறேன் என்று சொன்னால், விட்டுவிடுங்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் கைசர் என்ற பேராசிரியர் 1981லேயே இதை எழுதினார். முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் சரியாக இருந்தால் பலருக்கு அதுவே போதும். கழற்றி மாட்டும் பல்லும் மோசமான வைத்தியம் கிடையாது. அதை மோசமாகச் செய்து கொடுப்பதுதான் மோசம். இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல், அப்படியே விடுவது என்ற நான்கு வழிகளையும் நோயாளி முன்னால் வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவு, எதில் என்ன தொல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்து வரச் சொல்லுங்கள். அன்றைக்கே முன்பணம் வாங்காதீர்கள்.

4. மாத்திரைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சுகர், பிரஷர் மட்டும்தான்" என்று பதில் வரும். அந்த "மட்டும்தான்" என்ற சொல்லை நம்பாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார். மேலே இரண்டு பல் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைப்பதாக இருந்தது. ஏதோ தோன்றி, வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். அதில் எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட் இருந்தது. ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று. "தினம் போடுற மாத்திரை இல்லையேன்னு சொல்லல டாக்டர்" என்றார். அவர் மறைக்கவில்லை. நான் கேட்ட கேள்வி அந்த மாத்திரையைத் தொடவில்லை.

அந்த வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. எலும்பு ஆறுவதற்கும் பழையது கரைந்து புதியது வர வேண்டும் இல்லையா? அதனால்தான் அபூர்வமாகச் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும். 2003 முதல் இதைப் பற்றிய எச்சரிக்கைகள் வருகின்றன. மாத்திரையில் ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காக நரம்பு வழியாக அதிக அளவில் மருந்து ஏற்றியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம், அவர்களுக்கு இம்ப்ளான்ட் பேச்சே எடுக்காதீர்கள். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: வாரம் ஒரு மாத்திரை உண்டா? ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி உண்டா? வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ் ஏற்றினார்களா? கழுத்துக்கோ முகத்துக்கோ கரண்ட் வைத்தார்களா? கதிர் வைத்தியத்தை நம் ஊரில் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். தாடைக்குக் கதிர் வைத்திருந்தால் அந்த மருத்துவமனையோடு பேசாமல் ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது.

சர்க்கரைக்கு ஒரு நாள் காலை எடுத்த அளவு போதாது. மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் தைரியமாகச் செய்யலாம், 8ஐத் தாண்டினால் சர்க்கரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரிடம் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். ஈறில் கசியும் இரத்தத்தைத் தையல் போட்டும் பஞ்சு வைத்தும் நிறுத்திவிடலாம். நின்றுபோன இதயத்துக்கு நம்மிடம் தையல் இல்லை.

5. மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

நோயாளியின் விரல்களையே நெட்டாக அவர் வாயில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று நுழைந்தால் கடைவாயில் வேலை செய்ய இடம் இருக்கிறது. இரண்டுகூட நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் போலத் தட்டுப்படுகிறது என்றால் பாக்கு போடுகிறவர். வெற்றிலையில் வைத்தாலும் பாக்கெட்டில் வாங்கினாலும் பாக்கு பாக்குதான். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. அவர் பல் கட்ட வந்திருக்கிறார், சரி. பல்லைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நாக்கை வெளியே இழுத்து அடிப்பக்கம் வரை பாருங்கள். ஆறாத புண்ணைக் கண்டால் அன்றைக்கே திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். என்னிடம் ஒரு பல் கட்ட வந்து, நாக்கு ஓரத்தில் இருந்த புண்ணோடு மதுரைக்குப் போய், அறுவை முடிந்து இன்றும் தறியில் உட்கார்ந்து நெய்கிற ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அவர் காலி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பீடி, சிகரெட் பிடிப்பவரிடம் சங்கடப்படாமல் பேசுங்கள். புகை ஈறுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. ஆறுவதும் குறைகிறது. ஈறு நோய் முற்றினாலும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் பார்க்கிற நம்மையும் ஏமாற்றும்.

6. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவசரப்படாதீர்கள்.

முன்பல் உடைந்த மகனை அழைத்துக்கொண்டு அம்மா வருவார். அவர் கண்ணீரைப் பார்த்து மனம் இளகிவிடும். தாடை வளரும்போது இயற்கைப் பற்கள் அதோடு சேர்ந்து இறங்கும். எலும்போடு ஒட்டிய திருகு இறங்காது. ஐந்து வருஷத்தில் அந்த ஒரு பல் மட்டும் மேலே சொருகிக்கொண்டு நிற்கும். ஆண் பிள்ளைகளுக்கு இருபதைத் தாண்டியும் வளர்ச்சி உண்டு. அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டிவைக்கும் பல் போதும்.

7. மொத்தச் செலவை முதல் நாளே சொல்லுங்கள்.

"இம்ப்ளான்ட் இவ்வளவு ரூபாய்" என்று நாம் சொல்வது திருகின் விலை. அவர் காதில் விழுவது முழுப் பல்லின் விலை. மூன்று மாதம் கழித்து "இனி மேலே கேப்புக்கு இவ்வளவு" என்று சொல்லும்போது அவர் முகம் மாறும். அந்த முகத்தை நான் ஒரு தடவை பார்த்தேன். மகள் காதணியை அடகு வைத்துத் திருகுக்குப் பணம் கொடுத்திருந்தார். இன்னொரு அடகுக்கு வீட்டில் பொருள் இல்லை. ஸ்கேன், திருகு, அபட்மென்ட், கேப், எலும்புத் தூள் தேவைப்பட்டால் அது, வருஷா வருஷம் வந்து பார்க்கும் செலவு, எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

"சாகிற வரைக்கும் இருக்குமா டாக்டர்?" என்று கேட்பார்கள். "பெரும்பாலானவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு நாள் என்பது உங்கள் பிரஷ்ஷும் என் வேலையும் சேர்ந்து முடிவு செய்யும்" என்று நான் சொல்வேன். ஆயுள் உத்தரவாதம் என்று போர்டு வைக்கும் இடங்கள் இருக்கின்றன. நம் வாசலில் அது வேண்டாம்.

8. மூன்று இடங்களில் கைக்குப் பயம் இருக்க வேண்டும்.

முதலாவது, கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு. ஓ.பி.ஜி. படம் அளவைப் பெரிதாக்கிக் காட்டும், எலும்பின் அகலத்தைக் காட்டவே காட்டாது. கீழ்க் கடைவாய்க்கு சி.பி.சி.டி. இல்லாமல் கை வைக்காதீர்கள். நரம்புக் குழாய்க்கும் திருகின் நுனிக்கும் நடுவே 2 மி.மீ. விடுங்கள். டிரில்லின் நுனி கூம்பாக இருப்பதால் அது அடையாளக் கோட்டைவிடக் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

திருகு வைத்த அன்று இரவு ஒன்பது மணிக்கு நீங்களே நோயாளிக்குப் போன் செய்யுங்கள். உதவியாளரை விட்டுச் செய்யச் சொல்லாதீர்கள். "உதடும் தாடையும் பழையபடி உணர்ச்சி வந்துடுச்சா?" என்று கேளுங்கள். மரத்துப்போகும் ஊசியின் வேகம் அதற்குள் இறங்கியிருக்க வேண்டும். இன்னும் மரத்தே இருக்கிறது என்றால் "நாளை மறுநாள் பார்ப்போம்" என்று சொல்லக் கூடாது. விடிந்ததும் வரவழைத்து ஸ்கேன் எடுங்கள். திருகு நரம்பை அழுத்துகிறது என்றால் எடுத்துவிடுங்கள். ஒன்றரை நாளுக்குள் எடுத்தால் உணர்ச்சி திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அது குறையும். வைத்த திருகை எடுக்க மனசு வராதுதான். உதட்டில் டீ வழிவது தெரியாமல் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மனசு வரும்.

இரண்டாவது, கீழ்த்தாடையின் நாக்குப் பக்கம். மேலே அகலமாகத் தெரியும் எலும்பு கீழே உள்வாங்கிக் குழிந்திருக்கும். டிரில் அந்தச் சுவரைத் துளைத்து அங்கே ஓடும் தமனியைக் கிழித்தால் நாக்கின் அடிப்பகுதி நீலமாக வீங்கி நாக்கை மேலே தூக்கும். மூச்சு அடைத்துவிடும். இது நிமிடங்களில் நடக்கலாம், சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். விரலால் உள்ளிருந்தும் தாடைக்குக் கீழிருந்தும் அழுத்திப் பிடித்து, உட்கார்ந்த நிலையிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். எங்கே போவது, யாருக்குப் போன் செய்வது என்பது சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நம் கிளினிக்கில் ஸ்டெரிலைசருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது மேல்தாடை சைனஸ். இதில் உயிர்ப் பயம் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியில் எலும்பு 4, 5 மி.மீ. மட்டும் இருந்தால் முதல் வருஷம் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஸ்க்ரூ டிரைவரில் நூல் கட்டுங்கள்.

கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன டிரைவரின் கழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஃப்ளாஸ் நூலைக் கட்டி, மறுமுனையை வாய்க்கு வெளியே விட்டுவிடுங்கள். தொண்டைக்கு முன்னால் துணி விரியுங்கள். எச்சில் பட்ட விரலிலிருந்து அது வழுக்கும். விழுங்கினால்கூடப் பரவாயில்லை, நுரையீரலுக்குள் போனால் நெஞ்சு மருத்துவர் குழாய் விட்டு எடுக்க வேண்டும். எனக்கு இரண்டு தடவை வழுக்கியது. இரண்டு தடவையும் நூல் இருந்தது.

10. கல்யாணத் தேதி எலும்புக்குத் தெரியாது.

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம், அதுக்குள்ள பல் வேணும்" என்று கார்த்திகையில் வருவார்கள். திருகு வைத்த அன்று அதைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம். அடுத்து வரும் நாட்களில் அந்தப் பழைய எலும்பு கரையத் தொடங்கும். புது எலும்பு அதன் இடத்துக்கு வந்துசேர நாளாகும். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் திருகின் பிடிப்பு மிகவும் குறைவாக இருக்கும். நோயாளிக்கோ அப்போதுதான் வீக்கமும் வலியும் போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். அந்தப் பக்கம் முறுக்கைக் கடித்துப் பார்ப்பார்.

உடனே பல் கட்டுவது கூடாது என்று நான் சொல்லவில்லை. 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு மேல் இறுக்கம் கிடைத்து, எலும்பும் நன்றாக இருந்து, முன்பல்லாகவும் இருந்தால், எதிர்ப் பல் தொடாத தற்காலிகப் பல்லைப் பொருத்தி அனுப்பலாம். மற்றவர்களுக்குக் கல்யாணத்துக்குக் கழற்றி மாட்டும் பல். போட்டோவில் வித்தியாசம் தெரியாது. பல் எடுத்த இடம் மட்டும் வேறு கணக்கு. எடுத்த முதல் வருஷத்தில் எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. அதனால் பல்லை எடுக்கும் அன்றே, இனி அங்கே என்ன செய்யப்போகிறோம் என்று பேசிவிடுங்கள். பல்லை எடுக்கும்போது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை உடைத்துவிடாதீர்கள்.

11. கட்டிய பல்லுக்குக் கடி உணர்ச்சி கிடையாது.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய நார்ப்படலம் உண்டு. சாதத்தில் ஒரு சிறு கல் பட்டாலும் தாடை நின்றுவிடுகிறதே, அது அந்தப் படலத்தின் வேலை. கடிக்கும்போது பல் அந்தப் படலத்தில் ஒரு முடியின் தடிமன் அளவு வரை அமுங்கி எழும். இம்ப்ளான்ட்டுக்குப் படலம் இல்லை, அமுங்கவும் அமுங்காது. எனவே லேசாகக் கடிக்கும்போது இயற்கைப் பற்கள் தொட வேண்டும், இம்ப்ளான்ட் பல்லுக்கு நடுவே மெல்லிய தகடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அழுத்திக் கடிக்கும்போதுதான் அந்தத் தகடு பிடிபட வேண்டும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாததால் உடைந்த திருகுகளை எடுக்க நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

முடிந்தவரை கேப்பை ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். சிமென்ட் வைத்து ஒட்டினால், வழிந்த சிமென்ட் ஈறுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும். வெளியூரில் வைத்துக்கொண்டு சீழோடு வந்த ஒருவருக்கு ஈறைத் திறந்து பார்த்தேன். மணல் அளவு சிமென்ட் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்த பத்தாவது நாள் ஈறு ஆறிவிட்டது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சிமென்ட்டைப் பொட்டு வைக்கிற அளவு மட்டும் தடவி, ஒட்டியதும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

12. பல்லே இல்லாத பாட்டிக்கு இரண்டு திருகு.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். மேல் பல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு ஒட்ட இடம் கிடையாது, நாக்கு அசையும்போதெல்லாம் மிதக்கும். பேரன் கல்யாணப் பந்தியில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுகிற பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கீழ்த்தாடை முன்பக்கம், கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில் இரண்டு திருகு வைத்து, மேலே குமிழ் போன்ற பிடி மாட்டி, பல் செட்டின் அடியில் வளையம் பொருத்தினால் சட்டை பட்டன் போலச் செட் அமர்ந்துகொள்ளும். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002லேயே, கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு முதலில் யோசிக்க வேண்டிய வைத்தியம் இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு திருகு, ஆறு திருகு என்று வைத்து அசையாத பல் வரிசை கட்டுவது பார்க்கப் பிரமாதமாக இருக்கும். முடக்குவாதம் வந்த விரல்களால் அதன் அடியில் சுத்தம் செய்ய அந்தப் பாட்டியால் முடியுமா என்று யோசியுங்கள். கழற்றிக் குழாயடியில் கழுவிக்கொள்ளும் செட்டுதான் அவர் கைக்கு ஏற்றது.

13. ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாதீர்கள்.

திருகு வரும் குப்பியில் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று நம் நோட்டில், ஒன்று நோயாளிக்குக் கொடுக்கும் அட்டையில். பத்து வருஷம் கழித்து அவர் கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருக்கும்போது கேப் கழன்றுவிட்டால், எந்த டிரைவர் பொருந்தும் என்று அங்கிருக்கும் மருத்துவருக்கு அந்த அட்டைதான் சொல்லும். ஒவ்வொரு கம்பெனியின் திருகுத் தலையும் வேறு வேறு. இதனால்தான் நான் இரண்டு கம்பெனிகளைத் தாண்டிப் போகவில்லை. விலை குறைவு என்று வருஷத்துக்கு ஒரு புதுப் பெயரை வாங்கினால், அந்தக் கம்பெனி மூடிய பிறகு உதிரிப் பாகத்துக்கு நோயாளிதான் அலைவார்.

வருஷம் ஒரு தடவை, ஈறு நோய் இருந்தவர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, எல்லோரையும் வரவழையுங்கள். ஈறில் இரத்தம் கசிகிறதா, குழி ஆழமாகியிருக்கிறதா, போன வருஷ எக்ஸ்ரேயோடு பார்க்கும்போது எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஈறு மட்டும் வீங்கியிருக்கும்போது பிடித்துவிட்டால் சுத்தம் செய்தே சரியாக்கலாம். எலும்புக்குள் போய்விட்டால் என்ன செய்தாலும் பழைய நிலைக்கு வருவது கடினம். கூப்பிட்டால்தான் வருவார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மறுபடியும் கூப்பிடுங்கள்.

நீல அட்டை போட்ட நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் வைத்த ஒவ்வொரு திருகும் அதில் உண்டு. எடுத்தவை சிவப்பு மையில். மளிகைக் கடைக்காரருடைய இரண்டும் மூன்றாம் பக்கத்தில் சிவப்பில் இருக்கின்றன. போன் எண் மாறியவர்களுக்குப் பக்கத்து வீட்டு எண் எழுதியிருக்கிறேன். பதினேழாம் பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது, இரண்டு திருகு, சாத்தூர் காராச்சேவை ஊறவைக்காமல் சாப்பிடுகிறார். அவர் செட்டின் வளையம் தளர்ந்திருக்கிறது. தை பிறந்ததும் மாற்ற வேண்டும். காது சரியாகக் கேட்காது, அதனால் போனில் பேசும்போது மருமகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.